ராகப் பெயர் இருக்கிறது, மெட்டு இல்லை: திருமலைச் செப்பேடுகளும் கணினிக் காப்புநகலும்

'பேக்கப்' என்பதற்குக் 'காப்புநகல்' என்ற சொல் இன்று வழங்குகிறது. கல்வெட்டியலில் இதற்கு நெருக்கமான பழைய சொல் 'படி'. 13ஆம் நூற்றாண்டில், யாதவராயர் ஆட்சியில் திருமலைக் கோயில் புதுப்பிக்கப்பட்டபோது, பழைய கல்வெட்டுகள் படியெடுக்கப்பட்டுப் புதிய சுவர்களில் மீண்டும் வெட்டப்பட்டன. மூலக்கல் போனாலும் வாசகம் நின்றது.

இதைவிடப் பெரிய படியெடுப்பு அதே மலையில் பின்னர் நடந்தது. தாளப்பாக்கம் அன்னமாச்சாரியாரின் (1408–1503) தெலுங்குச் சங்கீர்த்தனங்களை அவர் மகன் பெத்த திருமலாச்சாரியார் செப்பேடுகளில் வெட்டுவித்தார். ஏடுகள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவை; கோயிலுக்குள்ளேயே சங்கீர்த்தன பண்டாரம் என்ற சிறு கல்லறையில் அவை அடுக்கி வைக்கப்பட்டன. ஓலை கறையானுக்கு இரையாகும், செம்பு தாங்கும். ஊடகத் தேர்வில் குறை சொல்ல இடமில்லை. அன்னமாச்சாரியார் பாடியவை 32,000 என்பது மரபு. இன்று கிடைப்பவை அதில் பாதிக்கும் குறைவு. கிடைத்தவை பெரும்பாலும் செம்பில் ஏறியவையே.

எனினும் இந்த ஏடுகளில் எது இல்லை என்பதே இங்குக் கவனத்துக்குரியது. பாடலின் தலைப்பில் ராகத்தின் பெயர் இருக்கிறது, கீழே சாகித்தியம் இருக்கிறது, சுரக்குறிப்பு இல்லை. வெட்டுவித்தவர்களுக்கு அது குறையாகப் பட்டிருக்காது. மெட்டு குடும்பத்தார் நாவில் இருந்தது. நாள்தோறும் பாடப்படுவதை யாரும் பொறித்து வைக்க நினைப்பதில்லை. மெட்டறிந்த பாடகர் மரபு அறுந்தபோது, செம்பிடம் அதற்கு ஈடு இல்லை.

ஏடுகளுக்கு வெளியே அறியப்பட்ட அட்டவணையும் இல்லை. 1816இல் தெலுங்கு இலக்கணம் வெளியிட்ட ஏ. டி. கேம்ப்பெல், திருப்பதிச் செப்பேடுகளில் பழைய இலக்கண நூலொன்று இருக்கலாம் என்று கேள்விப்பட்டுப் படிகளை வருவித்துப் பார்த்தார். அவை முழுவதும் இறைத்துதிகள் என்று குறித்துவிட்டு மேலே சென்றார். (செப்பேடுகள் நானூறு ஆண்டுகள் எவர் கண்ணிலும் படாமல் கிடந்தன என்ற கதையை இந்த ஒரு குறிப்பே தளர்த்திவிடுகிறது.) 20ஆம் நூற்றாண்டில் சாது சுப்பிரமணிய சாஸ்திரி, வேட்டூரி பிரபாகர சாஸ்திரி, ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா முதலியோர் உழைப்பில் பாடல்கள் அச்சேறின. மெட்டுகளைப் புதிதாகவே அமைக்க வேண்டியிருந்தது. இன்று கச்சேரிகளில் ஒலிக்கும் அன்னமாச்சாரியார் கீர்த்தனைகளில் பெரும்பாலானவற்றின் இசை அண்மைக் காலத்தது.

இன்று இதே மண்ணில், நகரி, புத்தூர்ப் பக்கத்துத் தமிழ்ப் பேச்சைக் களத்தில் பதிவு செய்யும் மொழியியல் மாணவரின் மடிக்கணினியை எடுத்துக்கொள்வோம். ஒலிக்கோப்புகள் டி டிரைவில் தனிக் கோப்புறை ஒன்றில் கிடக்கின்றன. எழுத்துப்பெயர்ப்பு 'டாக்குமென்ட்ஸ்' கோப்புறையில். 2012இல் விண்டோஸ் 8 உடன் வந்த 'ஃபைல் ஹிஸ்டரி', இயல்புநிலையில் லைப்ரரிகள், டெஸ்க்டாப் முதலிய சில இடங்களை மட்டுமே மணிக்கொரு முறை படியெடுக்கும். டி டிரைவின் அந்தக் கோப்புறையைப் பயனர் தாமாகச் சேர்க்காவிட்டால் அது பட்டியலில் இல்லை. மென்பொருளோ, வேலை செவ்வனே முடிந்தது என்றே நாள்தோறும் அறிவிக்கும். அறிவிப்பில் பொய்யில்லை, கேட்டதைச் செய்தது.

மொழியியலாளர் பயன்படுத்தும் ஈலான் மென்பொருளில் இந்தப் பிளவு இன்னும் கூர்மையானது. அதன் இஏஎஃப் கோப்பில் எழுத்துப்பெயர்ப்பும் நேரக்குறிகளும் இருக்கும். ஒலி இருக்காது, ஒலிக்கோப்பு இருக்கும் இடத்தின் முகவரி மட்டும் இருக்கும். வட்டில் இடம் போதவில்லை என்று பெரிய கோப்புகளை விலக்கும் அமைப்பை ஒருவர் தேர்ந்தால், முதலில் வெளியேறுவது ஒலிதான். பேசியவரின் குரல் போய், பேச்சின் எழுத்து மட்டும் எஞ்சும். ராகப் பெயரோடு மெட்டின்றி நிற்கும் செப்பேட்டின் நிலை இதுவே.

மேகக் கணக்கோடு ஒத்திசைப்பதைக் காப்புநகலாகக் கொள்வது இன்னொரு மயக்கம். ஒத்திசைவில் அழிப்பும் படியெடுக்கப்படும்: இங்கே நீக்கியது அங்கேயும் நீங்கும். பழைய பதிப்புகளை எத்தனை காலம் வைத்திருப்பது என்ற அமைப்பு தனியே உண்டு, அதைப் பார்த்துவைக்க வேண்டும். வெளிவட்டு எப்போதும் கணினியிலேயே செருகிக் கிடந்தால், பிணைத்தொகை கேட்கும் தீநிரல் கணினியோடு சேர்த்து அதையும் பூட்டிவிடும். எனவே ஒரு படியாவது வேறு கட்டடத்தில் இருப்பது நலம்.

இவை எல்லாவற்றையும்விடக் குறைவாகச் செய்யப்படுவது மீட்டுப் பார்த்தல். வெளிவட்டை வேறொரு கணினியில் செருகி, அதிலிருந்து ஓர் இஏஎஃப் கோப்பைத் திறக்கப் பத்து நிமிடம் போதும். ஒலிக்கோப்பைத் தேடிக் காட்டுமாறு ஈலான் கேட்டு, வட்டில் எங்கு தேடியும் அது அகப்படாவிட்டால், இதுவரை படியெடுக்கப்பட்டது சாகித்தியம் மட்டுமே.