கொடுப்பவர் கையும் கொள்பவர் கையும்

தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்த நம் முன்னோரிற் பலர் முதலில் மிதித்த மண் ஜார்ஜ் டவுன் வீதி அன்று. பினாங்கை அடுத்துள்ள ஜெரெஜாத் தீவின் நோய்த்தடுப்பு முகாமே அவர்களை வரவேற்றது. தொற்றுநோய் இல்லையென்று கண்ட பின்னரே கங்காணியின் பின்னே தோட்டத்திற்கு அனுப்பப்பட்டனர். உழைக்கும் உடலுக்கு நோய் வரலாகாது என்பதில் ஆட்சியாளரும் முதலாளிகளும் கருத்தாயிருந்தனர். அவ்வுடலுக்குள் ஓர் அறிவும் உண்டு, அதற்கும் உணவு வேண்டும் என்று கருதியவர் எத்தனை பேர்?

கல்வியும் மருத்துவமும் ஒரு சமூகத்திற்குப் பிறர் கொடையாக வரும்போது என்ன ஆகின்றன, அச்சமூகமே முன்னின்று நடத்தும்போது என்ன ஆகின்றன என்பதைப் பினாங்கின் வரலாற்றைக் கொண்டே ஈண்டு ஆராய்வோம்.

1816-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் நாள், ஹட்சிங்ஸ் என்னும் பாதிரியார் முயற்சியால் பினாங்கு பிரீ ஸ்கூல் தொடங்கப்பெற்றது. இன, சமய வேறுபாடின்றி எல்லாப் பிள்ளைகளுக்கும் கதவு திறந்த பள்ளி அது. அதன் சார்பில் தமிழ் வகுப்பொன்றும் நடந்தது. இந்நாட்டில் தமிழ்க்கல்வியின் தொடக்கம் அதுவே என்று வரலாறு எழுதுவோர் கூறுவர். எனினும் மாணவர் வருகை குறைந்து அவ்வகுப்பு மூடப்பட்டது. கொடுத்தவர் மனம் நல்ல மனமே. ஆனால் அந்நாளில் இங்கிருந்த தமிழருட் பெரும்பாலோர் வணிகராகவும், கூலிகளாகவும், கடல் கடத்தப்பட்ட கைதிகளாகவும் வந்தவர். குடும்பத்தோடு நிலைத்தவர் சிலரே. வகுப்பைத் தமது பொருளென்று தாங்கி நிற்க ஒரு சமூகம் இன்னும் உருவாகவில்லை. தாங்குவார் இல்லாத பந்தல் எத்துணை அழகாயினும் சாயத்தானே செய்யும்?

இனிச் சீனரைப் பார்ப்போம். 1854-இல் ஏழைகளுக்கென ஒரு மருத்துவமனை இங்கு எழுந்தது. அதற்குப் பொருளுதவியவர் மன் ஆ பூ என்னும் சீனத் தலைவர். இன்றைய பினாங்குப் பொது மருத்துவமனையின் தோற்றம் அதுதான். பின்னர் 1883-இல் முந்திரித் தெருவில் லாம் வா ஈ மருந்தகம் நிறுவப்பட்டது. ஏழை நோயாளிக்குச் சீன வைத்தியர் இலவசமாக நாடி பார்த்து மருந்தளிப்பதே அதன் பணி. மருத்துவமும் அவர்களுடையது, பொருளும் அவர்களுடையது, நிர்வாகமும் அவர்களுடையது. நூறாண்டு கடந்த பின்னரும் அது அழியாமல், இலாப நோக்கமற்ற பெரிய மருத்துவமனையாக வளர்ந்து நிற்கின்றது.

நம்மவர் நிலை என்ன? பள்ளிப் பருவத்துப் பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாமல் உள்ள தோட்டத்தில் நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. சட்டம் வந்தது, பள்ளியும் வந்தது. ஆனால் எத்தகைய பள்ளி? பல தோட்டங்களில் லயத்தின் ஓரத்தில் ஓர் அறை; எல்லா வகுப்புக்கும் ஓர் ஆசிரியர்; சில இடங்களில் கிராணியே ஆசிரியர்! நான்கு வகுப்புப் படித்த பிள்ளை வெளியே வந்தால் அவனை எதிர்கொள்வது பால் வாளிதான். துரையின் பள்ளி துரைக்கு வேண்டிய அளவே கற்பித்தது. அதனைக் குறை கூறிப் பயனென்ன? பிறன் வெட்டிய கிணற்றில் நீர் எடுக்க அவன் இட்ட அளவுதானே நமக்கு?

அங்ஙனமாயின், நம் கையால் நடப்பதெல்லாம் தாமே சிறந்துவிடுமோ? அதுவும் இல்லை. உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். இத்தீவில் கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் நம்மவர் எழுதிவைத்த நிலமும் சொத்தும் ஏராளம். கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலின் அறச்சொத்துக்கள் சீர்கெட நிர்வகிக்கப்பட்டன என்ற முறையீடு எழுந்து, 1905-இல் அரசாங்கம் சட்டமியற்றி, இந்து முஸ்லிம் அறச்சொத்துக்களை ஒரு வாரியத்தின் மேற்பார்வையில் வைத்தது. நம் வீட்டுக் கணக்கைப் பார்க்க வெள்ளைக்காரன் வர நேர்ந்தது! ஆகவே, நாமே நடத்துதல் என்பதோடு, நால்வர் அறியக் கணக்குக் காட்டுதல் என்பதும் சேர்ந்தாலன்றி அறம் நிலைக்காது.

இப்பாடத்தைக் கற்றுக்கொண்ட முயற்சிகளும் உண்டு. 1938-இல் பினாங்கில் தோன்றிய இராமகிருஷ்ண ஆசிரமம் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு இல்லமாய் அமைந்தது. 1950-களில், மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழ் இடம்பெற வேண்டுமென்று, ஆளுக்கு ஒரு வெள்ளி கேட்டுத் "தமிழ் எங்கள் உயிர்" நிதி திரட்டப்பட்டது. பால்மரம் வெட்டுவோரும் துறைமுகத் தொழிலாளரும் அதிற் பங்குகொண்டனர். 1956-இல் அப்பல்கலைக்கழகத்தில் இந்தியப் பகுதி தொடங்கியது. வெள்ளையர் தோட்டங்களைத் துண்டுதுண்டாய் விற்றுச் சென்றபோது, மாதம் பத்து வெள்ளி சேர்த்துத் தோட்டத்தையே வாங்குவோம் என்று துன் சம்பந்தன் முன்னின்று 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். அடுத்த ஆண்டே கெடாவிலுள்ள புக்கிட் சிடிம் தோட்டம் அதற்குச் சொந்தமாயிற்று. நேற்று அத்தகைய தோட்டத்தில் கூலியாயிருந்தவன் இன்று அதன் பங்குதாரன். அவன் பிள்ளையின் படிப்புக்கு உதவித்தொகை வழங்கியதும் அவன் சங்கமே.

இது நமக்கு மட்டும் உரிய செய்தி அன்று. 1978-இல் அல்மா-அட்டா நகரில் கூடிய உலகச் சுகாதார மாநாடு, தங்கள் சுகாதாரப் பணியைத் திட்டமிடுவதிலும் நடத்துவதிலும் பங்குகொள்வது மக்களின் உரிமையும் கடமையும் ஆகும் என்று அறிவித்தது. ஏழை நாடுகளில் பள்ளியும் மருந்தகமும் அமைக்க உதவும் சிறு சங்கங்கள் பலவும், ஊராரே முன்னிற்க வேண்டும் என்பதை இன்று கொள்கையாகக் கொண்டுள்ளன. பினாங்கும் இதில் பின்தங்கவில்லை. தாய்ப்பாலூட்டலைப் பேணும் உலகக் கூட்டமைப்பு 1991-இல் தோன்றி, இத்தீவையே தலைமையிடமாகக் கொண்டது. மறு ஆண்டு முதல் உலகத் தாய்ப்பால் வாரம் நடந்து வருகின்றது. நோய்த்தடுப்பு முகாமில் நம்மவரை நிறுத்திவைத்த துறைமுகத்திலிருந்து, ஏழைத் தாய்மாரின் உரிமைக்குக் குரல் எழுந்தது என்றால் அது சிறிய மாற்றமா?

எனினும் நம் முன்னுள்ள வேலை முடிந்துவிடவில்லை. 1957-இல் இந்நாட்டில் 800-க்கு மேல் இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று 500-க்குச் சற்று மேல் எனக் குறைந்துள்ளன. தோட்டம் கலைந்தது, மக்கள் நகருக்கு வந்தனர், பள்ளி காட்டில் தனித்து நின்றது. அதனை மக்கள் இருக்குமிடத்திற்குக் கொண்டுவர அரசாங்கத்தைக் கேட்பது நம் உரிமை. வரி கொடுப்பவர் கேட்கத்தான் வேண்டும். ஆயின் கேட்பதோடு நின்றுவிடலாமா?

அன்பர்களே, இனி எவரேனும் நன்கொடைச் சீட்டோடு உங்கள் வாயிலுக்கு வந்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள். இப்பணியால் பயன் பெறுவோருக்கு நிர்வாகத்தில் இடம் உண்டா? ஆண்டுக் கணக்கு எல்லோரும் காண வைக்கப்படுகின்றதா? கொடுப்பவர் நாளை கையை மடக்கினாலும் பணி நடக்குமா? மூன்றுக்கும் ஆம் என்ற விடை வருமாயின், ஒரு வெள்ளியேனும் கொடுங்கள். கொடுத்ததோடு அமையாமல், அடுத்த கூட்டத்திற்கும் சென்று அமருங்கள். வாங்கும் கை என்றும் வாங்கும் கையாகவே இருக்கவேண்டும் என்பது விதியன்று. புக்கிட் சிடிம் அதற்குச் சான்று.