கேவியர்: செதிலில் தொடங்கிய ஒரு ஹலால் கேள்வி

மீன் சினை நம் வீடுகளுக்குப் புதிதன்று. வாங்கி வந்த மீனில் சினை இருந்தால் அதைத் தனியே எடுத்துப் பொரித்துப் பிள்ளைகளுக்குக் கொடுப்போம். அது கூடுமா, கூடாதா என்று எவரும் கேட்பதில்லை. ஆனால், ஒரு மீனின் சினை ஹலாலா, ஹராமா என்பது ஒரு நாட்டின் ஏற்றுமதியையே தொட்ட கேள்வியாக எழுந்த வரலாறு உண்டு. அந்த நாடு ஈரான். அந்தச் சினை கேவியர்.

ஸ்டர்ஜன் என்னும் மீன் குடும்பத்தின் சினையை உப்பிட்டுப் பதப்படுத்தியதே கேவியர். இம்மீன்களில் பல, கடலில் வளர்ந்து, ஆறுகளில் ஏறி முட்டையிடுபவை. இவற்றின் புகழ்பெற்ற தாயகம் காஸ்பியன் கடல். ரஷ்யா, கஸகஸ்தான், துர்க்மெனிஸ்தான், ஈரான், அஸர்பைஜான் ஆகிய ஐந்து நாடுகள் அதைச் சூழ்ந்துள்ளன.

அங்கிருந்து வரும் கேவியரில் மூன்று வகைகள் பெயர்பெற்றவை. முதலாவது பெலூகா. இம்மீனே மூன்றிலும் பெரியது. முட்டைகளும் பெரியவை, சாம்பல் முதல் கருமை வரையிலான நிறத்தவை. இரண்டாவது ஆஸெட்ரா. நடுத்தர அளவும் பழுப்பு அல்லது பொன்னிறமும் கொண்டது; ஈரானியக் கரையோரத்தில் வாழும் பாரசீக ஸ்டர்ஜனின் சினையும் இப்பெயரில் விற்கப்படுவதுண்டு. மூன்றாவது செவ்ரூகா. சிறிய முட்டைகள், அழுத்தமான சுவை. வணிகர்கள் இவற்றை முறையே நீலம், மஞ்சள், சிவப்பு மூடியிட்ட டப்பாக்களால் வேறுபடுத்தினர்.

ஈரானின் கரையில் பிடிபட்ட மீனாயினும், அதன் பயன் நெடுங்காலம் ஈரானியரைச் சேரவில்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கஜார் அரசு அம்மீன்பிடி உரிமையை லியானோசோவ் என்ற ரஷ்யப் பேரரசின் வணிகக் குடும்பத்திற்கு வழங்கியது. 1927இல் சோவியத் அரசுடன் 25 ஆண்டுகளுக்குக் கூட்டு நிறுவன ஒப்பந்தம் ஏற்பட்டது. அதன் தவணை முடிந்தபின், 1953இல் பிரதமர் முஸத்திக்கின் அரசு அதைப் புதுப்பிக்காமல் மீன்வளத்தைத் தேசியமயமாக்கியது.

இங்கேதான் மார்க்கச் சட்டம் குறுக்கிடுகிறது. ஈரானியரில் பெரும்பாலோர் பின்பற்றும் ஜஅஃபரி மத்ஹபில், செதில் உள்ள மீன்களே ஹலால். மீனின் சட்டமே அதன் சினைக்கும் உரியது. ஸ்டர்ஜனின் உடலிலோ சாதாரணச் செதில்கள் இல்லை. எலும்புத் தகடுகளே வரிசையாக உள்ளன. எனவே அது ஹராம் என்றே கருதப்பட்டு வந்தது. 1979 புரட்சிக்குப் பிறகு, உண்ணக் கூடாததை விற்றுப் பொருளீட்டலாமா என்ற கேள்வி கூர்மையாயிற்று. மீனை அறிந்தவர்களும் மார்க்க அறிஞர்களும் ஆராய்ந்தபோது, அதன் வால் துடுப்பின் மேற்பகுதியில் சாய்சதுரச் செதில்கள் இருப்பது கவனத்துக்கு வந்தது. அதன் அடிப்படையில் 1983இல் ஆயத்துல்லாஹ் குமைனி அது ஹலால் என ஃபத்வா வழங்கினார்.

வருவாய்க்காகவே தீர்ப்பு மாறியது என்று குறைகூறியோரும் உண்டு. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: செதில் வேண்டும் என்ற சட்டம் மாறவில்லை, மீனைப் பற்றிய அறிவே மாறியது. நம்மவர் பின்பற்றும் ஷாஃபி, ஹனஃபி மத்ஹபுகளில் மீனுக்குச் செதில் நிபந்தனையே அன்று. அல்மாயிதா அத்தியாயத்தின் 96ஆம் வசனம் கடல் வேட்டையை அனுமதிப்பதை நாம் அறிவோம்.

எனினும், கூடுமா என்ற கேள்விக்கு விடை கிடைத்த அதே காலத்தில் அந்த மீன் அழிந்துகொண்டிருந்தது. வோல்கா ஆற்றில் எழுந்த அணைகள் முட்டையிடும் இடங்களுக்குச் செல்லும் வழியை அடைத்தன. 1991இல் சோவியத் ஒன்றியம் சிதறியதும் திருட்டு மீன்பிடிப்பு பெருகியது. சினைக்காகத் தாய்மீனையே கொல்வது வழக்கமாதலால், ஒவ்வொரு டப்பாவும் வரும் தலைமுறையிலிருந்து எடுக்கப்பட்டதாயிற்று. பெலூகா பெண்மீன் சினை கொள்ளவே 15 ஆண்டுகளுக்கு மேல் ஆகும் என்பதால் இழப்பு எளிதில் ஈடாகவில்லை. 1998 முதல் எல்லா ஸ்டர்ஜன் வகைகளின் பன்னாட்டு வணிகமும் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. இன்று விற்பனைக்கு வரும் கேவியரில் பெரும்பகுதி பண்ணைகளில் வளர்த்த மீன்களிலிருந்து கிடைப்பது. அதில் சீனாவே முன்னணியில் உள்ளது.

ஒரு பொருள் ஹலால் என்று அறிந்ததோடு நம் பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. உண்ணவும் பருகவும் அனுமதித்த இறைவன், வரம்பு மீறுவதைத் தடுத்துமிருக்கிறான். கடலும் அதன் மீன்களும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். கேவியரை நம்மில் பலர் சுவைக்கப் போவதே இல்லை. ஆயினும், சந்தையில் சினை நிறைந்த மீனை விலை பேசும்போது, கூடுமா என்பதோடு, இந்த மீன் நம் பேரப்பிள்ளைகளுக்கும் மிஞ்சுமா என்றும் கேட்டுக்கொள்வது நமக்கு நல்லது.