மின்மெருகும் 1947-இன் வெடிப்பும்

மின்முலாம் உலோகத்தின் மேல் உலோகத்தைப் படிய வைக்கிறது. மின்மெருகோ உள்ளதைக் கரைத்தெடுக்கிறது. 'மெருகேற்றல்' என்னும் நம் வினைச்சொல் இவ்விடத்தில் சற்றே ஏமாற்றுகிறது: ஏறுவது எதுவுமில்லை. மெருகு பெற வேண்டிய பொருளே நேர்மின்வாய். மின்னோட்டம் பாய்கையில் அதன் பரப்பையொட்டிப் பாகுபோன்ற படலம் உருவாகிறது. மேடுகளின் மீது அது மெலிந்தும் பள்ளங்களில் தடித்தும் இருப்பதால் மேடுகளே விரைந்து கரைகின்றன. பாஸ்பாரிக் அமிலத்தில் செம்பை மெருகிட்டு இவ்விளக்கத்தை 1930-களில் முன்வைத்தவர் பிரெஞ்சு ஆய்வாளர் பியேர் ழாக்கே.

வேறு உலோகங்களுக்கு அவர் கையாண்ட கலவைகளுள் ஒன்று பெர்குளோரிக் அமிலமும் அசிட்டிக் அமில நீரிலியும் சேர்ந்தது. ஆய்வகத்தின் சிறு கலத்தில் அதைக் குளிர்வித்து அடக்கிவிடலாம். லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் ஓ'கானர் முலாம் கூடத்திலோ, அலுமினியத்தை மெருகிட அதே வகைக் கலவை தொட்டி நிறைய நின்றது. 1947 பிப்ரவரி 20 அன்று அது வெடித்தது. 17 பேர் மாண்டனர். சுற்றுப்புறக் கட்டடங்கள் பல சிதைந்தன. குளிரூட்டல் பழுதுற்றுக் கலவை சூடேறியதும், நெகிழித் தாங்கி ஒன்று அதனுள் இறங்கியதும் காரணங்களாகக் கருதப்பட்டன. கண்டுபிடிப்பைப் புகழும் வரலாறுகள் இத்தொட்டியைப் பெரும்பாலும் கடந்துவிடுகின்றன. என் நோக்கில், அளவு மாறும்போது வினையின் இயல்பே மாறும் என்பதும் இந்நுட்பத்தின் வரலாறுதான்.

மருந்துக் கலன்கள், அறுவைக் கருவிகள் போன்ற துருவேறா எஃகுப் பொருள்களுக்கு இன்று கந்தக, பாஸ்பாரிக் அமிலக் கலவையே பெருவழக்கு. பெர்குளோரிக் அமிலம் மறைந்துவிடவில்லை. மின்னணு நுண்ணோக்கிக்கான மென்தகடுகளைத் தயாரிக்கும் ஆய்வகங்களில் அது ஆல்ககாலில் நீர்த்து, குளிர்விக்கப்பட்டு, சிறிதளவே புழங்குகிறது.