தவிப்புச் சுவை: கொலைக்களக் காதையை முன்வைத்து ஓர் ஆய்வு

1. வரையறை

கதைமாந்தரை நெருங்கும் தீங்கை அறிந்த வாசகர், அது விலகாதா என்ற வேட்கையோடு காத்திருக்கும் மனநிலையே சஸ்பென்ஸ். இதனை இங்குத் 'தவிப்புச் சுவை' என வழங்குவோம்.

2. வகை

யார் எதை எப்போது அறிகிறார் என்பதை 'அறிவுப் பங்கீடு' என்போம். அதன்படி கதைச்சுவை மூவகைப்படும்.

அ. புதிர்: நடந்தது தெரியும், செய்தவர் மறைக்கப்படுகிறார். எஸ். பாலசந்தரின் 'அந்த நாள்' (1954) கொலையில் தொடங்கி, கொன்றவரைத் தேடிச் செல்வது இவ்வகை.

ஆ. அதிர்ச்சி: முன்னறிவிப்பின்றி நிகழ்வது.

இ. தவிப்பு: வாசகர் அறிந்ததை மாந்தர் அறியார். மேசைக்கடியில் வெடிகுண்டு இருப்பது பார்வையாளருக்குத் தெரியாவிட்டால் கிடைப்பது 15 விநாடி அதிர்ச்சி; தெரிந்தால் 15 நிமிடத் தவிப்பு என்று திரைப்பட இயக்குநர் ட்ரூஃபோவிடம் விளக்கினார் இயக்குநர் ஹிட்ச்காக்.

3. காரணங்கள்

சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையில் இச்சுவைக்கான காரணங்கள் மூன்று. முதலாவது முன்னறிவு. அரசியின் சிலம்பைக் கவர்ந்தவன் பொற்கொல்லனே என்பது நமக்குத் தெரியும்; மனைவி கண்ணகியின் சிலம்பை விற்க வந்து அவனிடமே காட்டும் கோவலனுக்குத் தெரியாது. இரண்டாவது பற்று. அடைக்கலம் தந்த ஆயர் மகள் மாதரியின் மனையில் கண்ணகி சமைத்துக் கோவலனுக்குப் படைத்ததைக் கண்ட பின்பே நாம் அவனோடு கடைத்தெருவுக்குச் செல்கிறோம். மூன்றாவது தாழ்த்தல், வரவேண்டிய தீங்கு வாராது நிற்றல். மூன்றனுள் ஒன்று குறையினும் சுவை பிறவாது.

4. நிலைகள்

தூண்டல், நீட்டல், தீர்வு என நிலைகள் மூன்று. பொற்கொல்லன் கோவலனை இருக்கச்செய்து, அவனே கள்வன் என மன்னனிடம் சொல்ல அரண்மனைக்கு விரைவது தூண்டல். நீட்டலே இக்காதையின் நுட்பம். அவனைக் கொல்ல மன்னன் ஆணையிட்ட பின்னும் கொலை உடனே நிகழவில்லை. கோவலனைக் கண்ட காவலர் கள்வனுக்குரிய தோற்றம் இல்லையென ஐயுறுகின்றனர். பொற்கொல்லன் கள்வரின் எண்வகைத் துணைகளை விரித்துரைத்து அவ்வையத்தைக் கலைக்கிறான். ஒவ்வொரு பேச்சும் கோவலனுக்குச் சிறிது காலம் ஈட்டித் தருகிறது. நம் நம்பிக்கையும் அவ்வளவே வளர்கிறது. கல்லாக் களிமகன் ஒருவன் வாளோச்சுவது தீர்வு.

5. முடிபு

கோவலன் கொலையுண்பதை நூலின் முன்னுரையான பதிகமே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறது. ஆயினும் காவலர் ஐயுறும் இடத்தில் நாம் தவிக்கிறோம். ஆகவே, முடிவு தெரிந்தால் சஸ்பென்ஸ் கெடும் என்னும் விதி புதிருக்கே உரியது. தவிப்புச் சுவையை மதிப்பிடுவோர், ஆசிரியர் எதை ஒளித்தார் என்று தேடாமல், எதை முன்பே தந்தார், எவ்வளவு தாழ்த்தினார் என்பதையே ஆராய வேண்டும்.