ஸ்பிரிட் விளக்கும் எலியின் சுரப்பியும்

இலங்கையின் பொல்பிட்டிய மின்நிலையம் 1969இல் ஓடத் தொடங்கியது. மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்து லயங்களில் அதற்குப் பிறகும் வெகுகாலம் குப்பி லாம்புதான். டிஸ்பென்சரியில் எனக்கு ஒரு ஸ்பிரிட் விளக்கும் இருந்தது. தொழிலாளருக்கு வைத்தியம் பார்ப்பதைத் தோட்ட நிர்வாகத்தின் கடமையாக்கிய 1912ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்த வேலை என்னுடையது.

புள்ளத்தாச்சிகளின் சிறுநீரை அந்த விளக்கில்தான் கொதிக்க வைப்பேன். குழாயை முக்கால் பங்கு நிரப்பி, சாய்த்துப் பிடித்து, மேல்பாகத்தை மட்டும் சுட வேண்டும். கலங்கியதும் பதறக் கூடாது, பொஸ்பேற்றும் கலங்கும். சில சொட்டு அசெற்றிக் அமிலம் விட்டால் அது தெளிந்துவிடும். தெளியாமல் நின்றால் புரதம். அப்புறம் டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு அனுப்ப லொறி தேடுவதுதான் பெரும்பாடு.

இந்தக் கைவேலைக்கு வயது அதிகம். வீங்கிய உடம்போடு வந்த ஒரு படைவீரனின் சிறுநீரைச் சூடாக்கி, அது முட்டை வெள்ளைபோல் உறைந்ததை நேப்பிள்ஸ் வைத்தியர் கொட்டுன்யோ 1764இல் எழுதிவைத்தார். லண்டன் கைஸ் ஆஸ்பத்திரியில் ரிச்சர்ட் பிரைட் கரண்டியில் சிறுநீரை விட்டு மெழுகுவர்த்தியில் காட்டினார். 1827இல் அந்தப் புரதத்தைச் சிறுநீரக நோயோடு பொருத்தினார். அதே ஆஸ்பத்திரியின் தோமஸ் அடிசன், சிறுநீரகத்தின் உச்சியில் உட்கார்ந்திருக்கும் அதிரினல் சுரப்பி கெட்டால் என்னாகும் என்பதை 1855இல் விளக்கினார். இருவரும் சேர்ந்து ஒரு பாடநூலே எழுதியவர்கள். கீழே இருப்பதை ஒருவர் பார்த்தார், மேலே இருப்பதை மற்றவர் பார்த்தார். இரண்டுக்கும் நடுவே உள்ள கொடுக்கல் வாங்கலைக் காட்ட எலிகள் வர வேண்டியிருந்தது.

1940களில் மொன்றியலில் ஹான்ஸ் செலியே, அதிரினல் ஹோர்மோன் ஒன்றை உப்போடு சேர்த்து எலிகளுக்குக் கொடுத்தார். இரத்த அழுத்தம் ஏறியது, சிறுநீரகம் தழும்பேறியது. 1992இல் குவானும் வால்சரும் சிறுநீரகத்தில் பெரும்பகுதியை வெட்டிய எலிகளில் அதிரினலையும் அகற்றினார்கள். உயிர்வாழத் தேவையான அதிரினல் ஹோர்மோனான கோர்ட்டிகோஸ்டிரோனை மட்டும் வெளியிலிருந்து கொடுத்தார்கள். புரதக் கசிவு குறைந்தது. அப்படியானால் குற்றவாளி யார்? 1996இல் மினசோட்டாவில் கிரீனும் கூட்டாளிகளும் இதேபோல் சிறுநீரகம் வெட்டிய எலிகளின் கசிவை மருந்தால் அடக்கிவிட்டு, அதிரினல் சுரக்கும் இன்னொரு ஹோர்மோனான அல்டோஸ்டிரோனை ஏற்றினார்கள். கசிவு திரும்பியது. உப்பைப் பிடித்துவைக்கும் ஹோர்மோன் என்றே நாங்கள் படித்திருந்த அது, சிறுநீரகத்தின் வடிகட்டியையும் பழுதாக்குகிறது.

எனக்கு இதில் வியப்பு வேறு. “டொக்டர் ஐயா, புள்ளைக்கு மூஞ்சியெல்லாம் ஊதிப்போச்சுங்க” என்று கொழுந்துக் கூடையோடு ஓடிவரும் தாய்மாரை நிறையப் பார்த்திருக்கிறேன். குழாயைச் சூடாக்கினால் தயிராய் உறையும். ஆஸ்பத்திரியில் அந்தப் பிள்ளைகளுக்குக் கொடுத்தது பிரெட்னிசொலோன். அதே சுரப்பியின் இன்னொரு ஹோர்மோனான கோர்ட்டிசோலைப் பார்த்துச் செய்த மாத்திரை. பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சில வாரங்களில் புரதம் நின்றுவிடும். கன்னம் மட்டும் மாத்திரையால் உருண்டு நிற்கும். வீக்கம் வற்றவில்லை என்று தாய்மார் என்னிடமே சண்டைக்கு வருவார்கள்.

இப்போது கொதிக்க வைப்பவர் குறைவு. பட்டியைத் தோய்த்து நிறம் பார்க்கிறார்கள். அல்டோஸ்டிரோனைத் தடுக்கும் ஸ்பைரோனோலக்டோனைச் சில சிறுநீரக நோயாளிகளுக்கும் எழுதுகிறார்கள். புரதம் குறையும்தான். பொட்டாசியம் ஏறினால் இதயமே நின்றுபோகலாம். அதற்கு இரத்தம் பார்க்க வேண்டும், அதை என் ஸ்பிரிட் விளக்கு காட்டாது.