கடைசி வரிசைக்கும் கேட்ட வயலின்

பெங்களூரில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போய்வருகிறவர்கள் நம் குடியிருப்பில் நிறையப் பேர் உண்டு. மல்லேஸ்வரம் பக்கம் போயிருந்தால், வயலின் வடிவில் கட்டிய ஒரு பெரிய அரங்கத்தைக் கவனித்திருப்பீர்கள். 1980இல் திறந்தது. சாதாரண வயலினுக்கு நான்கு தந்திகள். அந்த அரங்கம் ஏழு தந்தி வயலினை நினைவில் வைத்துக் கட்டப்பட்டது. அந்த ஏழு தந்திக்குச் சொந்தக்காரர்தான் மைசூர் டி. சௌடையா.

பிறந்தது 1895இல், காவிரியும் கபினியும் கூடும் திருமகூடலு கிராமத்தில். 1910 முதல் 1918 வரை மைசூர் அரண்மனை வித்வான் பிடாரம் கிருஷ்ணப்பாவிடம் குருகுலவாசம். கிருஷ்ணப்பா வயலின் வித்வான் அல்ல, பாடகர் என்பதை மறக்காதீர்கள். பாட்டை எப்படித் தொடர வேண்டும் என்பதை ஒரு பாட்டுக்காரரிடமே எட்டு வருடம் கற்றவர் சௌடையா.

அந்தக் காலக் கச்சேரியைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். மைக் கிடையாது. கோயில் உற்சவமோ கல்யாணமோ, பந்தல் நிறையக் கூட்டம். பாடகர்கள் உச்ச சுருதியில் கணீரென்று பாடுவார்கள். மிருதங்கம் தன் பலத்திலேயே கேட்டுவிடும். நடுவில் மாட்டிக்கொண்டது வயலின்தான். வீட்டுக் கூடத்தில் இனிக்கிற அதன் நாதம் பந்தலின் பாதியைத் தாண்டாது. முன்வரிசைப் பெரிய மனிதர்களுக்குக் கேட்கும். பின்னால் தரையில் உட்கார்ந்தவர்களுக்கு வில் அசைவதுதான் தெரியும்.

பக்கவாத்தியக்காரரின் வேலை லேசானதல்ல. என்ன பாட்டு வரும் என்பதுகூடப் பல நேரம் அவருக்குத் தெரியாது. பாடகர் போகும் வழியில் நிழலாகப் போக வேண்டும். தனக்குக் கிடைக்கும் சில நிமிடத்தில் அதே ராகத்தைத் தன் கற்பனையில் காட்ட வேண்டும். அதுவும் கேட்கவில்லை என்றால்? மேனேஜரின் பெரிய கையெழுத்துக்குப் பக்கத்தில் சின்னதாகச் சுருக்கொப்பம் போட்டே காலம் கழித்தவன் நான். அதனால் இந்த மனிதர் மேல் எனக்குக் கொஞ்சம் பட்சபாதம் உண்டு.

1927 வாக்கில் சௌடையா மூன்று தந்திகளுக்குப் பக்கத்தில் அதே ஸ்வரத்துக்கு ஒரு துணைத் தந்தியைச் சேர்த்தார். விரல் அழுத்தினால் இரண்டு தந்தியும் சேர்ந்து அழுந்தும். வில் இழுத்தால் இரண்டும் சேர்ந்து பேசும். நாதம் கனமாகிப் பந்தலின் கடைசி வரை போயிற்று. சொல்ல எளிது. ஏழு தந்திக்கும் சுருதி சேர்க்க வேண்டும். இரட்டைத் தந்தியில் ஒன்று மயிரிழை விலகினாலும் அபஸ்வரம் ஊருக்கே கேட்கும்.

எல்லோருக்கும் இது பிடித்தது என்று சொல்ல முடியாது. மெல்லிய நாதத்தையே அழகாக்கியவர் விஜயநகரம் துவாரம் வேங்கடசுவாமி நாயுடு. தனிக் கச்சேரியில் நிலைத்த பெயர் அவருக்கு. இரண்டில் எது உயர்வு என்ற சண்டைக்கு நான் வரவில்லை. ஆனால் செம்பை வைத்தியநாத பாகவதரின் வெண்கலக் குரலுக்குப் பக்கத்தில் உட்கார சௌடையாவின் வயலின்தான் சரி என்பது என் கட்சி. அந்தக் குரலும் இந்த வில்லும் பாலக்காடு மணி ஐயரின் மிருதங்கமும் சேர்ந்தால் அது ஒரு தனி செட். 1943இல் சௌடையா தயாரித்த ‘வாணி’ என்ற கன்னடப் படத்திலும் இந்த மூவர் கச்சேரி உண்டு.

மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி பட்டம் செம்பைக்கு 1951இல் கிடைத்தது. ஆறே வருடத்தில், 1957இல், அவர் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தவருக்கும் அதே பட்டம்.

இதற்குள் மைக் எங்கும் வந்துவிட்டது. நான்கு தந்தியே போதும் என்றாகிவிட்டது. ஏழு தந்தியை எடுத்து வாசித்தவர்கள் பிறகு ஒரு சிலர்தான். சௌடையா மட்டும் அதை விடவில்லை. 1967 ஜனவரியில் மறைந்தார்.

செம்பை-சௌடையா பழைய ஒலிப்பதிவுகள் யூடியூபில் கிடைக்கின்றன. செம்பை ஒரு வரியை முடித்து மூச்சு விடும் இடத்தை மட்டும் கவனியுங்கள். அந்த இடைவெளியில் வருகிறதே, அதுதான் நான் சொன்ன நாதம். இரவு பத்து மணிக்கு மேல் என்றால் ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள். பக்கத்து ஃபிளாட் வரைக்கும் போகிற வயலின் அது.