பதினாறு கட்டமும் நம்மூர் குத்தும்

விருதுநகர் பங்குனிப் பொங்கல்ல நையாண்டி மேளம் கேட்டவங்களுக்குத் தெரியும், பல அடிகள் மூணு மூணாத்தான் ஓடும். 1997இல் வந்த ஃப்ரூட்டி லூப்ஸைத் (இன்றைய எஃப்எல் ஸ்டுடியோ) திறந்தால் கண்ணில் படுவது நாலு நாலாகப் பிரித்த பதினாறு கட்டம். மாற்றலாம்தான், யார் மெனக்கெடுறது? லண்டன் பையன்கள் இதே மென்பொருளில்தான் கிரைம் (கொலைக்கதை இல்ல, இசைவகை) போட்டார்கள்.

அப்போ மென்பொருள்தான் இசைவகையைத் தீர்மானிக்குதா? சரண்ஜித் சிங் கதை இடிக்குது. இந்தி சினிமா வாத்தியக்காரர். 1982இல் ரோலண்டின் டிஆர்-808, டிபி-303 பெட்டிகளை வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் இசைத்தட்டாக்கினார். போணியாகல. 1987இல் சிகாகோவின் ஃபியூச்சர் குழு அதே 303ஐத் திருகி 'ஆசிட் டிராக்ஸ்' கொண்டுவந்தபோது ஆசிட் ஹவுஸ் என்று ஒரு வகையே கிளம்பியது. முதல்ல அங்கேயும் கூட்டம் அசையலையாம். டிஜே ரான் ஹார்டி ஒரே ராத்திரியில் நாலு தரம் போட்டாராம். பெட்டி ஒண்ணுதான். சரண்ஜித்துக்கு அந்தத் தளமும் டிஜேயும் வாய்க்கல.

நம்ம பக்கம் ஆடுற கூட்டத்துக்குப் பஞ்சமே இல்ல, சாமி புறப்பாடு போதும். அதனால சிவகாசி, சாத்தூர்ல லேப்டாப்புல குத்து போடுற தம்பிகள்கிட்ட நான் கேக்கறது ஒண்ணுதான்: கட்டத்தைப் பன்னிரண்டாக்கிப் பாத்தீங்களா? நாலு மூணு அதுல கச்சிதமா உக்காரும்.